மோட்டார்ஹோம் ஏறுபடி ஆடுது: மாத்தவா, சரி பண்ணவா?

டோங்காட்_கரும்பு | ஜூலை 6, இரவு 9.10

எல்லாருக்கும் வணக்கம். என்னோடது இங்க தென்னாப்பிரிக்காவுல கோயில் வகுப்புல படிச்ச தமிழ். பிழை இருந்தா திருத்துங்க, சிரிக்காதீங்க.

ஃபியட் டுக்காட்டோ மேல கட்டின மோட்டார்ஹோம் வச்சிருக்கேன். பழசாத்தான் வாங்கினேன், ஏழு வருஷம் ஆச்சு. கதவு இடப்பக்கம். அதுக்குக் கீழ கையால இழுத்து விடுற ஒத்தைப் படி. வருஷா வருஷம் சார்டின் மீன் கரைக்கு வர்ற சமயத்துல ஸ்காட்பர்க் பக்கம் போய் ரெண்டு வாரம் நிறுத்துவோம். உப்புக் காத்து, மணல், ஈரக்கால் எல்லாத்தையும் அந்தப் படிதான் வாங்கிக்கும்.

போன வாரம் அம்மா (வயசு 74) இறங்கும்போது படி ஒரு பக்கமா சரிஞ்சுது. கதவைப் பிடிச்சுத் தொங்கி நின்னுட்டாங்க, விழலை. ஆனா அன்னையிலிருந்து சின்னக் குழந்தை மாடிப்படி இறங்குற மாதிரி முதுகைக் காட்டிக்கிட்டுத்தான் இறங்குறாங்க. பார்க்கவே கஷ்டமா இருக்கு.

நான் பார்த்தது: மேல ஒட்டியிருந்த சொரசொரப்புப் பட்டை உரிஞ்சு வழவழன்னு ஆயிடுச்சு. மடங்குற இடத்துல பின் துளை முட்டை வடிவத்துல தேஞ்சிருக்கு. நுனியில கை வச்சு அழுத்தினா ரெண்டு விரல் அளவு தாழுது.

இதே மாதிரி புதுசு வாங்கி மாட்டவா, மின்சாரப் படிக்குப் போகவா, இல்ல தெரிஞ்ச வெல்டிங்காரர் சொல்ற மாதிரி துளையை அடைச்சுத் திரும்பத் துளை போடலாமா? அவர் அரை நாள் வேலைங்கிறார். மவுண்ட் எட்ஜ்கம்ப் மாரியம்மன் கோயில் ஆடிக் கஞ்சிக்கு அம்மாவை இந்த வண்டியிலதான் கூட்டிட்டுப் போவேன். படுக்கை, பாத்ரூம் எல்லாம் கூடவே இருக்கும்ல. அதுக்குள்ள முடிக்கணும்.

மலபார்_காற்று | ஜூலை 6, இரவு 9.42

பிளாஸ்டிக் ஸ்டூல் ஒண்ணு வாங்கிப் போடுங்க. வேலை முடிஞ்சுது.

லெனேசியா_அக்கா | ஜூலை 6, இரவு 10.05

ஸ்டூலா? எங்க வீட்டு ஸ்டூல் இப்போ கோல்டன் கேட் தேசியப் பூங்காவுல இருக்கு. வாசல்ல மறந்து விட்டுட்டு வண்டியை எடுத்தோம், ஹாரிஸ்மித் தாண்டித்தான் ஞாபகம் வந்துச்சு. அது போனதைப் பத்திக் கவலை இல்ல. மணல்ல ஸ்டூல் கால் ஒண்ணு மட்டும் இறங்கும். வயசானவங்க எப்பவும் ஓரத்துலதான் கால் வைப்பாங்க, அப்படியே கவுந்துடும். ஸ்டூல்தான் போடணும்னா அடியில அகலமான பலகை ஒண்ணு போட்டு அது மேல வைக்கணும்.

தம்பி, வாங்குறதைப் பத்தி அப்புறம் பேசலாம். முதல்ல டேப்பை எடுங்க. தரையிலிருந்து கதவு நிலை வரைக்கும் எவ்வளவு? தரையிலிருந்து இப்போ இருக்கிற படி எவ்வளவு? அம்மாவுக்கு முட்டி வலி உண்டா?

பழைய_ஃபிட்டர் | ஜூலை 7, காலை 5.20

தம்பி டோங்காட்டா? நான் கரும்பு மில்லுல 31 வருஷம் ஃபிட்டர். இப்போ சாட்ஸ்வொர்த்ல சும்மா இருக்கேன்.

பின் துளை தேஞ்சா படி முன்னால தாழும். உங்க அம்மா நின்னப்போ ஒரு பக்கமா சரிஞ்சுதுங்கிறே. அது பின் பண்ற வேலை இல்ல. வேற எங்கியோ கோளாறு இருக்கு.

வண்டியைச் சமதரையில நிறுத்தி, கைப் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முன்னாலயும் பின்னாலயும் கட்டை வை. ஜாக்கி வச்சுத் தூக்காதே. ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில போனவன் ரெண்டு பேரை எனக்குத் தெரியும், அதுல ஒருத்தன்தான் இப்போ இருக்கான். பையனைப் படியில ஏறி இறங்கச் சொல்லு. நீ பக்கத்துல தரையில படுத்து டார்ச் அடிச்சுப் பாரு. எது அசையுது? பின்னா, பிராக்கெட்டா, பிராக்கெட்டைப் பிடிச்சிருக்கிற போல்ட்டா, போல்ட்டு போய் உட்கார்ந்திருக்கிற இடமா? பார்த்துட்டு எழுது. அதுவரைக்கும் ஒரு ராண்டும் செலவு பண்ணாதே.

மிட்ராண்ட்_வயர்மேன் | ஜூலை 7, காலை 8.31

மதுரையிலிருந்து வந்து இங்க 11 வருஷம். தொழில் எலக்ட்ரிக்கல். எங்க வண்டியில மின்சாரப் படிதான், நல்லா இருக்கு. ஒரு பட்டன் போதும். அதைவிட முக்கியம், எஞ்சின் ஓட ஆரம்பிச்சதும் தானா உள்ள போயிடும். ஆல்டர்னேட்டர்ல டி பிளஸ்னு ஒரு முனை இருக்கு, எஞ்சின் ஓடும்போது மட்டும் அதுல 12 வோல்ட் வரும். அதை ஒரு ரிலேக்குக் கொடுத்தா படியை வெளிய நீட்டிக்கிட்டே கிளம்புற கதை வராது.

போட்டா ரெண்டு விஷயத்துல ஏமாறாதீங்க.

ஒண்ணு, வயர் தடிமன். பேட்டரியிலிருந்து படி 6 மீட்டர்னு வைங்க. போக வர 12 மீட்டர். மோட்டார் 10 ஆம்பியர் இழுத்தா 2.5 சதுர மிமீ வயர்ல 0.8 வோல்ட்டுக்கு மேல வழியிலேயே போயிடும். 6 சதுர மிமீ போட்டா 0.35 வோல்ட்டுக்குள்ள நிக்கும். ராத்திரி பேட்டரி இறங்கின நேரத்துல படி பாதியில நிக்கிறதுக்கு முக்காவாசி இதுதான் காரணம். ஃபியூஸ் படிப் பக்கம் இல்ல, பேட்டரிக்குப் பக்கத்துல இருக்கணும்.

ரெண்டு, எர்த். படியோட மைனஸ் வயரைத் துருப்பிடிச்ச சேசிஸ்ல ஒரு போல்ட்டுல முடுக்கி விட்டிருப்பாங்க. "மோட்டார் போச்சு"ன்னு ஒருத்தர் எங்கிட்ட வந்தார், புது மோட்டாரையே ஆர்டர் போட்டுட்டு. பேட்டரி மைனஸிலிருந்து நேரா ஒரு வயரை இழுத்துத் தொட்டேன், படி சர்ருனு வெளிய வந்துச்சு. மோட்டார் மேல பழி போடுறதுக்கு முன்னாடி எல்லாரும் இதைச் செய்து பாருங்க.

பழைய_ஃபிட்டர் | ஜூலை 7, காலை 8.50

மிட்ராண்ட்ல கடல் இல்ல, உப்பு மணலும் இல்ல.

மிட்ராண்ட்_வயர்மேன் | ஜூலை 7, காலை 9.02

ஐயா சொல்றது புரியுது 😄

டோங்காட்_கரும்பு | ஜூலை 8, மாலை 6.45

அக்கா கேட்ட அளவு: தரையிலிருந்து கதவு நிலை 610 மிமீ. படி 300 மிமீல. அம்மாவுக்கு வலது முட்டி வலி, ரொம்ப நாளா.

ஐயா சொன்னபடி படுத்துப் பார்த்தேன். மனசே சரியில்ல. படிக்கு நாலு போல்ட்டு. உள்பக்கம் ரெண்டு சேசிஸ் இரும்புல இருக்கு, அது அசையல. வெளிப்பக்கம் ரெண்டும் இரும்புல இல்லவே இல்ல! மரத்தரையில மர ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருக்கு. ஸ்க்ரூடிரைவர் நுனியால குத்தினேன், ஊறவச்ச ரஸ்க் மாதிரி உள்ள போகுது. பையன் ஏறினப்போ அந்த மூலையே தரையோட சேர்ந்து அசையுது. பக்கத்துல பழைய போல்ட்டுத் துளை ரெண்டு காலியா இருக்கு. நான் வாங்குறதுக்கு முன்னாடி யாரோ வேற அளவுப் படியை மாட்டியிருக்காங்க, துளை பொருந்தாததால கிடைச்ச இடத்துல முடுக்கிட்டாங்கன்னு தோணுது. விற்ற ஆளு "எல்லாம் புதுசு"ன்னு சொன்னது நல்லா ஞாபகம் இருக்கு.

லெனேசியா_அக்கா | ஜூலை 8, இரவு 7.15

அம்மா அதுல ஏழு வருஷம் ஏறி இறங்கியிருக்காங்க. மாரியாத்தா காப்பாத்தினா.

அளவைப் பாருங்க. 300 ஏறி, அப்புறம் 310 ஏறணும். நம்ம நாட்டுக் கட்டட விதியில வீட்டுப் படிக்கட்டோட உயரம் 200 மிமீக்கு மேல இருக்கக் கூடாது, மிதிக்கிற அகலம் 250க்குக் குறையக் கூடாது. உங்க படி வீட்டுப் படியைப் போல ஒன்றரை மடங்கு. முட்டி வலிக்காரங்களுக்கு அது படி இல்ல, சுவர். ரெட்டைப் படி போட்டா 205, 405, 610. ஒவ்வொண்ணும் 200 சுமாருக்கு வந்துடும். இதையே புதுசா ஒத்தைப் படியா மாட்டினா ஆட்டம் நிக்கும், அம்மா முதுகைக் காட்டி இறங்குறது நிக்காது.

அப்புறம், கதவுக்குப் பக்கத்துல ஒரு கைப்பிடி. அவங்க கதவையே பிடிச்சுத் தொங்கினாங்கன்னா பிடிக்க வேற எதுவும் இல்லைன்னுதானே அர்த்தம்.

பழைய_ஃபிட்டர் | ஜூலை 9, காலை 5.05

நினைச்சேன். இப்போ கவனமாக் கேளு.

வெல்டிங்காரரை அனுப்பிடு. அவர் தப்பானவர் இல்ல, இது அவர் வேலை இல்ல. அந்த இடத்துக்கு மேல மரம், மரத்துக்கு மேல ஃபோம், பக்கத்துல கேஸ் குழாய். பொறி விழுந்தா தெரியாது, உள்ளேயே புகைஞ்சுக்கிட்டு இருக்கும். இரும்பு நாக முலாம் பூசினதா இருந்தா சூடு பட்டதும் நாகப் புகை கிளம்பும். அதைச் சுவாசிச்சா ராத்திரி குளிர் காய்ச்சல் மாதிரி ஆட்டும், நான் பட்டிருக்கேன். பேட்டரியைக் கழட்டாம வெல்டு வச்சா வண்டியோட கம்ப்யூட்டர் பெட்டி போயிடலாம். பின்பாதி அல்-கோ கம்பெனி செஞ்ச சேசிஸா இருந்தா வெல்டும் கூடாது, இஷ்டத்துக்குத் துளையும் கூடாது, இருக்கிற துளையில போல்ட்டு போடணும், இல்ல கிளாம்ப் பிடிக்கணும். உன்னோடது ஃபியட்டோட சொந்தச் சேசிஸா, அல்-கோவா? பாரு.

வரிசை இதுதான். கேஸ் சிலிண்டரை மூடி, கழட்டி, வண்டியை விட்டுத் தள்ளி வை. போல்ட்டுகளுக்கு முதல் நாள் ராத்திரியே கியூ20 ஸ்பிரே (துருவைத் தளர்த்துறது) அடி, காலையில மறுபடியும் அடி. அப்பவும் திரும்பலைன்னா நெருப்பு காட்டாதே, கிரைண்டரால தலையை வெட்டு, ஈரச் சாக்கு பக்கத்துல இருக்கட்டும். படியை இறக்கினதும் அழுகின மரத்தை நல்ல மரம் வர்ற வரைக்கும் வெட்டி எடு. அங்கதான் எல்லாரும் கஞ்சத்தனம் பண்ணுவாங்க. கை வைக்கிறப்போ காய்ஞ்சு கெட்டியா இருக்கிற இடம் வரைக்கும் போகணும். தண்ணி எங்கிருந்து வந்துச்சுன்னும் பாரு. கதவு நிலைக்கு அடியில சீலன்ட் (தண்ணி புகாம அடைக்கிற பசை) பிளந்திருக்கும், இல்ல அந்த மர ஸ்க்ரூத் துளை வழியாவே ஏறியிருக்கும்.

மரைன் பிளைவுட்டை அளவு வெட்டி, நாலு ஓரத்துக்கும் எபாக்ஸி பூசி, காயவிட்டு மாட்டு. ஆனா படியை அந்தப் புது மரத்துலயும் தொங்க விடாதே. சேசிஸிலிருந்து வண்டி ஓரச் சட்டம் வரைக்கும் குறுக்க ரெண்டு இரும்பு ஆங்கிள், 40க்கு 40, 4 மிமீ தடிமன். படி அந்த ஆங்கிள்ல உட்காரணும். மரம் தரைக்கு, இரும்பு படிக்கு. எம்8 போல்ட்டு, 8.8 தரம், முலாம் பூசினது, நைலாக் நட்டு (அதிர்வுல தளராத வகை), 25 நியூட்டன் மீட்டர் முடுக்கு.

மலபார்_காற்று | ஜூலை 9, காலை 7.30

ஸ்டெயின்லெஸ் போல்ட்டே போடலாமே? கடலோரம்தானே?

பழைய_ஃபிட்டர் | ஜூலை 9, காலை 7.55

போடலாம், போல்ட்டு நல்லா இருக்கும். படி அலுமினியமா இருந்தா, போல்ட்டு தொடுற இடம்தான் மாவா உதிரும். உப்புத் தண்ணிக்குள்ள ரெண்டு உலோகம் தொட்டா சின்ன பேட்டரி மாதிரி. அலுமினியம்தான் கரையும், ஸ்டெயின்லெஸ் கரையாது. நடுவுல நைலான் வாஷர் போட்டு, டூராலாக் மாதிரி பேஸ்ட் தடவினா பரவாயில்ல. ஸ்டூல் யோசனையைவிட இது நல்ல கேள்வி.

டோங்காட்_கரும்பு | ஜூலை 9, இரவு 8.20

ஃபியட்டோட சொந்தச் சேசிஸ்தான் ஐயா, அல்-கோ இல்ல. அப்போ ரெட்டைப் படின்னு முடிவு. மின்சாரமா, கையாலயா?

மிட்ராண்ட்_வயர்மேன் | ஜூலை 9, இரவு 9.00

என் வாயாலேயே சொல்றேன், ஸ்காட்பர்க் மணலுக்குக் கையால இழுக்கிறதே போடுங்க. ஆனா எச்சரிக்கை மணி ஒண்ணு வைங்க. படி முழுசா உள்ள போனா அமுங்குற மாதிரி ஒரு மைக்ரோ ஸ்விட்ச், டாஷ்போர்டுல ஒரு பஸ்ஸர், இக்னிஷன் போட்டதும் படி வெளிய இருந்தா கத்தணும். ரெண்டு வயர், 1 ஆம்பியர் ஃபியூஸ், அவ்வளவுதான். ஸ்விட்ச் தண்ணி புகாத வகையா இருக்கட்டும்.

லெனேசியா_அக்கா | ஜூலை 9, இரவு 9.25

ரெட்டைப் படி மடிச்ச பிறகும் கொஞ்சம் கீழ தொங்கும். வாங்குறதுக்கு முன்னாடி மடிச்ச உயரத்தைக் கேளுங்க. எங்க தெருவுல ஸ்பீட் ஹம்ப் போட்டவங்க மலை கட்டுற பழக்கத்துல இருந்தவங்க போல. ஒரு தடவை தேய்ச்சுது, கீழ் தட்டு வாழை இலை மாதிரி வளைஞ்சுது. டிராக்கன்ஸ்பர்க் பக்கம் மண் ரோடுல போறவங்களும் இதைப் பாக்கணும்.

டோங்காட்_கரும்பு | ஜூலை 21, இரவு 8.50

தாமதத்துக்கு மன்னிக்கணும். வேலை அரை நாள் இல்ல, ரெண்டு சனி ஞாயிறு.

நாலு போல்ட்டுல ஒண்ணு திரும்பினது, ரெண்டு வெட்டினது. நாலாவது, மர ஸ்க்ரூல ஒண்ணு, கையாலேயே வந்துடுச்சு, அதுதான் பயமா இருந்துச்சு. அழுகல் உள்ளங்கை அளவுன்னு நினைச்சேன். வெட்ட வெட்டப் போயிட்டே இருந்துச்சு, கடைசியில 420க்கு 260 மிமீ. ஐயா சொன்ன மாதிரி கதவு நிலைக்கு அடியில சீலன்ட் ஒரு ஓரத்துல முழுசாப் பிளந்திருந்துச்சு. பழைய சீலன்டைச் சுரண்டி எடுக்கவே ஒரு மத்தியானம் போச்சு.

ஆங்கிள் ரெண்டையும் பக்கத்து ஒர்க்‌ஷாப்ல வெட்டி, துளை போட்டு, முலாம் பூச அனுப்பினோம். துளை எல்லாம் முலாமுக்கு முன்னாடியே போட்டுடணும், அதைக் கடைக்காரர்தான் சொன்னார். பின்னாடி போட்டா துளை ஓரம் முதல்ல துருப்பிடிக்குமாம்.

ஒரு தப்பு பண்ணிட்டேன், ஒத்துக்கிறேன். முதல்ல ஆங்கிளைச் சேசிஸ்ல முழுசா முடுக்கிட்டு அப்புறம் படியைத் தூக்கி வச்சேன். துளை 3 மிமீ தள்ளி நின்னுச்சு. எல்லாத்தையும் தளர்த்தி, படியை மாட்டி, ஒரு தடவை இழுத்து விட்டு மடிச்சுப் பார்த்த பிறகுதான் முடுக்கணும். அப்படிப் பண்ணினப்புறம் விரல் ஒண்ணால இழுத்தாலே வருது.

மடிச்ச நிலையில தரையிலிருந்து 195 மிமீ. பழசு 240. எங்க தெரு ஹம்ப் ரெண்டையும் ஊர்ந்து தாண்டிப் பார்த்தேன், தேய்க்கல. கீழ் தட்டு 205, மேல் தட்டு 400, அப்புறம் கதவு. படியோட தகட்டுல 200 கிலோன்னு போட்டிருக்கு. என் மச்சான் சோதனைக்கு வந்தார், அவர் ஒருத்தரே போதும்.

பஸ்ஸர் வேலை செய்யுது. கொஞ்சம் அதிகமாவே செய்யுது, நாய் பயந்து ஓடுது.

ஐயா, ஒரு கேள்வி. மடங்குற இடத்துல கிரீஸ் வைக்கவா?

பழைய_ஃபிட்டர் | ஜூலை 22, காலை 5.15

வைக்காதே. மில்லுல கன்வேயர் சங்கிலி புஷ்ஷுல முப்பது வருஷம் இதையேதான் பார்த்தேன். கிரீஸ்ல மணல் ஒட்டும், கிரீஸும் மணலும் சேர்ந்தா அரம். உன் பழைய பின் துளை முட்டை வடிவமானது அப்படித்தான். யாரோ அன்பா கிரீஸ் வச்சிருக்காங்க. கடற்கரையிலிருந்து வந்ததும் நல்ல தண்ணியால கழுவு, காயவிடு, அப்புறம் காய்ஞ்ச வகை டெஃப்லான் ஸ்பிரே அடி. கியூ20 துருவைத் தளர்த்தத்தான், இதுக்கு இல்ல. ஒரு மாசம் ஓட்டினப்புறம் நட்டுகளை ஒரு தடவை சரி பாரு.

சீலன்டைப் பார்த்தது நல்லது. இல்லைன்னா புது மரமும் அதே கதிதான்.

லெனேசியா_அக்கா | ஜூலை 22, காலை 9.40

அம்மா என்ன சொன்னாங்க? அதைச் சொல்லவே இல்லையே.

டோங்காட்_கரும்பு | ஜூலை 27, மாலை 7.30

இன்னைக்குக் கஞ்சிக்குப் போய்ட்டு வந்தோம். அம்மா நேரா முகம் பார்த்து இறங்கினாங்க, கையில தூக்குச் சட்டியோட. ரெண்டாவது தடவை ஏறும்போது கதவு ஓரத்தைத் தடவித் தடவிப் பார்த்துட்டு, "படி போட்டே சரி, கையை எங்கடா வைக்கிறது?"ன்னு கேட்டாங்க.

அக்கா முதல்லயே சொன்னீங்க. மறந்துட்டேன்.

நாளைக்கே கைப்பிடி ஒண்ணு வாங்கிக் கதவுப் பக்கத்துல ஸ்க்ரூ போட்டுடவா?

பழைய_ஃபிட்டர் | ஜூலை 28, காலை 5.02

போடாதே! அந்தச் சுவர் மெல்லிசு. வெளிய ஒரு தகடு, உள்ள ஒரு பிளைவுட், நடுவுல ஃபோம். ஸ்க்ரூ ஒரு வாரம் நிக்கும், அம்மா முழு எடையோட இழுக்கிற அன்னைக்குப் பிடுங்கிட்டு வரும். கதவு நிலை ஓரத்துல உள்ள மரச்சட்டம் இருக்கும். விரல் முட்டியால தட்டிக்கிட்டே போ, சத்தம் எங்க மாறுதுன்னு பென்சில்ல குறி போட்டு, படம் எடுத்துப் போடு. சட்டம் இல்லைன்னா உள்பக்கம் தகடு வச்சு ஊடுருவப் போல்ட்டு போடலாம்.

டோங்காட்_கரும்பு | ஜூலை 28, காலை 6.40

தட்டிட்டேன் ஐயா. நிலையிலிருந்து 45 மிமீ வரைக்கும் கெட்டிச் சத்தம், அதுக்கப்புறம் டொக்கு. படம் கீழ.